குறட்டைக்காரனை நடுவில் போட்டவர்

அவர் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் "அது யார்?" என்று கேட்பீர்கள், எனக்குக் கோபம் வரும். ஏற்கெனவே எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. வீட்டில் இருப்பது நானும் என் கணவரும் மட்டும்தான், ஆகவே அந்தப் பேச்சைக் கிளப்பினவர் யாரென்று விளங்கும்.

பெயருக்கு முதல் அவருடைய வேலையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜாஸ் இசை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், நடன மண்டபங்களில் வாசித்த பேண்டுகளுக்கு அவர் அரேஞ்சர். யாரோ கட்டின ஒரு பாட்டை எடுத்து, எந்த வாத்தியம் எதை வாசிக்கவேண்டும், யார் முந்தவேண்டும், யார் பிந்தவேண்டும், யார் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும் என்று தீர்மானித்துத் தாளில் எழுதிக் கொடுக்கிற ஆள். இசைத்தட்டிலே பாட்டைக் கட்டினவன் பெயர் இருக்கும். பேண்ட் தலைவன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இவருடைய பெயர் எறும்பு அளவில் ஒரு மூலையில் இருந்தது. பிறகு வந்த பதிப்புகளில் அந்த எறும்பையும் நசுக்கிவிட்டார்கள். பேண்ட் தலைவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், ஆனால் அவன் வாசித்ததெல்லாம் இவருடைய மூளை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. மஸ்கட்டில், ரூவியில், சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில் அலுவலக வேலை. பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் வாசித்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே அதையும் சுற்றிக்கொண்டு வந்தேன். கொண்டுவந்து என்ன பயன்? அடுக்குமாடிக் குடியிருப்பில் ஊதினால் மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டுவார், கீழ்வீட்டுக்காரர் காவலாளியை அனுப்புவார். குளியலறைக்குள் போய்க் கதவிடுக்கில் ஈரத் துவாயை அடைத்துவிட்டு ஊதிப் பார்த்தேன். "உள்ள ஆரோ அழுற மாதிரிக் கேக்குது" என்றார் என் கணவர். அவருக்கு அது ஒரு பகிடி. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

பிறகு எங்கள் வெள்ளிக்கிழமை பேண்ட் உண்டானது. ஹோட்டல்களில் வாசித்து ஓய்ந்த கோவாக்கார சாக்ஸபோன்காரர் ஒருவர் அதை ஆரம்பித்தார். நாங்கள் எல்லாரும் அவரை அங்கிள் என்போம். ட்ரம்பெட் வாசிக்க ஒரு பிலிப்பைன்ஸ் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ட்ரம்ஸுக்கு ஒரு மங்களூர்க்காரர். டியூபாவுக்கு ஒரு மலையாளி, எல்லாருக்கும் சேட்டன். ஊரில் தேவாலயத் திருவிழா பேண்டில் வாசித்தவர், இங்கே ஒரு கபேட்டீரியாவில் சமையல்காரர். டியூபா என்றால் மடியில் தூக்கி வைத்து ஊதுகிற பெரிய பித்தளைக் குழல். எருமை இருமின மாதிரி அடிவயிற்றிலிருந்து சத்தம் வரும். அதை எந்த வீட்டில் வைத்து ஊதுவது? சேட்டன் தங்கியிருந்த அறையிலோ கட்டிலுக்கு மேல் கட்டில்.

எங்களுக்கு ஊதுவதற்கென்று மஸ்கட்டில் இருந்தது ஒரே ஓர் அறை. ரூவியில், கடைகளுக்கு மேலே, ஒரு சங்கத்தின் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறை. உடைந்த நாற்காலிகளும் போன வருஷத்துப் பொங்கல் தோரணங்களும் போட்டு வைத்திருந்த இடம். அதை நாங்களே கூட்டிப் பெருக்கி எங்களுடையதாக்கிக்கொண்டோம். அந்த அறை போனால் பேண்ட் போச்சு, அவ்வளவுதான்.

அந்த அறையில்தான் அவரை முதலில் கேட்டேன். அங்கிள் தன் கைபேசியில் ஒரு பழைய இசைத்தட்டின் பதிவைப் போட்டார். தேங்காய் எண்ணெயில் கடுகு வெடிக்கிற இரைச்சலுக்குள்ளே இருந்து பாட்டு வந்தது. எனக்குக் கேட்டவுடனேயே எரிச்சல். "உதென்ன, ஆளாளுக்கு ஒரு பக்கம் போகினம்?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அங்கிளுக்கு விளங்கவில்லை, ஆனால் சிரித்தார்.

ஆனால் அடுத்த நாள் காலையில் தேத்தண்ணீர் போடும்போது அந்தப் பாட்டு என் வாயில் இருந்தது. பாட வராது, ஏனென்றால் அது எங்கே திரும்பும் என்று பிடிபடவில்லை. பஸ்ஸில் கேட்டேன். சமைத்துக்கொண்டு கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் அந்த மனுசனுடைய துணிச்சல் விளங்கியது. வேறு யாராவது என்றால் மெட்டைக் கிளாரினெட்டுக்குக் கொடுப்பார்கள், ட்ரம்பெட்டுக்குக் கொடுப்பார்கள். இவர் டியூபாவுக்குக் கொடுத்திருந்தார். காலம் காலமாகப் பின்னால் நின்று "பூம், பூம்" என்று ஊதிக்கொண்டிருந்த எருமையை நடு முற்றத்துக்குக் கொண்டுவந்து, இந்தா, நீ பாடு என்று விட்டிருந்தார். மற்ற வாத்தியங்கள் அதைச் சுற்றி ஓடி விளையாடுகின்றன. ஒரு சுருதியில் போய்க்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் வேறு சுருதிக்குத் தாவிவிடுகிறார். விழுந்தான் பார் என்று நாங்கள் நினைக்கிற இடத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறார். ஊரெல்லாம் ஒரு வழி என்றால் இடும்பனுக்கு ஒரு வழி என்பார்களே, அந்த இடும்பன் இவர்தான்.

எல்லாவற்றிலும் பெரிய வில்லங்கம், பாட்டின் முக்கால்வாசியில் வருகிற ஓட்டை. முழு பேண்டும் உச்சத்துக்கு ஏறி, சடாரென்று நிற்கும். ஒரு சத்தமும் இல்லை. பாட்டு முடிந்தது என்று நினைத்து எழும்புவீர்கள். அப்போது எல்லா வாத்தியங்களும் ஒன்றாக, வேறொரு சுருதியில், கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். ஏன் அந்த ஓட்டை? எனக்கு அது விளங்கவேயில்லை. ஆனால் அது இருக்கத்தான் வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

அவர் எழுதின தாள்கள் எங்கேயும் கிடைக்கவில்லை. ஆகவே அந்தக் கடுகு இரைச்சலுக்குள் காதைக் கொடுத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிடித்து, நானே எழுதினேன். மாதக்கணக்காக எழுதினேன். "உம்முடைய அரேஞ்சர் இண்டைக்கு என்ன சொல்லுறார்?" என்று என் கணவர் தினமும் கேட்பார். "உங்களுக்குச் சோறு இல்லையாம்" என்பேன்.

பயிற்சி தொடங்கினதும் சண்டையும் தொடங்கியது. அங்கிளுக்கு அந்த ஓட்டை பிடிக்கவில்லை. "மேடம், யே ஸ்டாப் காட் தோ. பப்ளிக் சோச்சேகி கதம் ஹோ கயா" என்றார். நிற்கிற இடத்தை வெட்டிவிடு, முடிந்துவிட்டது என்று சனம் நினைக்கும் என்கிறார். "நினைக்கட்டும்" என்றேன். எத்தனையோ வருஷம் ஹோட்டலில் வாசித்த மனுசன், சனம் கை தட்டாவிட்டால் சம்பளம் இல்லாத மேடையில் நின்றவர். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "உயிரோடு இருந்தபோது அவருடைய பெயரை வெட்டினார்கள். இப்போது பாட்டையும் வெட்டுவதா?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்தினேன். என் ஹிந்தியில் அது எப்படிக் கேட்டதோ, ட்ரம்பெட் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஓட்டை தப்பியது.

அப்படி இருக்கும்போதுதான் சங்கத்துச் செயலாளர் அறை வாசலில் வந்து நின்றார். தமிழ்நாட்டுக்காரர், மரியாதையான மனுசர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரூமை டான்ஸ் கிளாஸுக்குக் கேக்குறாங்க. பசங்க நிறைய சேர்ந்திருக்காங்க. நீங்க அஞ்சு பேரு. உங்களைக் கேக்க யாரும் வர்றதும் இல்ல."

"வருவினம்" என்றேன்.

"எங்க மேடம், போன தடவை வாசிச்சப்ப முன்வரிசையில நானும் வாட்ச்மேனும்தான இருந்தோம்?"

உண்மைதான். காவலாளியும் பாதியில் எழுந்து போனார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம் என்பதால், "வாற வெள்ளிக்கிழமை உங்கட மண்டபத்தை நிறைச்சுக் காட்டுறன்" என்று சொல்லிவிட்டேன். அவரும் விடவில்லை. நிறைந்தால் அறை எங்களுக்கு, நிறையாவிட்டால் டான்ஸுக்கு என்று முடிவானது. அவர் போன பிறகு சேட்டன் தன் டியூபாவைத் தடவிக்கொண்டு, "சேச்சி, எவிடுந்நா ஆளு?" என்று கேட்டார். ஆட்களுக்கு எங்கே போவது என்று எனக்கும் தெரியவில்லை.

வாட்ஸப்பில் போடுவதற்கு ஓர் அறிவித்தல் எழுதினேன். ஜாஸ் என்றால் என்ன, இந்த அரேஞ்சர் யார், அவருக்கு நடந்த அநியாயம் என்ன என்று விரிவாக, கண்ணீர் வரும்படி எழுதியிருந்தேன். என் கணவரிடம் கொடுத்தேன், ஏனென்றால் ரூவியில் இருக்கிற அத்தனை குழுக்களிலும் அவர் இருக்கிறார். மீன் வாங்குகிற குழுவில்கூட இருக்கிறார்.

"இஞ்சேரும், இது நீளம். ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்" என்றார்.

"அப்ப கொஞ்சம் சுருக்கிப் போடுங்கோ."

அவர் கொஞ்சம் சுருக்கவில்லை, நன்றாகவே சுருக்கிப் போட்டார். அவர் என்ன போட்டார் என்று நான் பார்க்கவில்லை. கிளாரினெட் வாயில் வைத்து ஊதுகிற நாணல் சீவலை, ரீட் என்பார்கள், அதை வாங்க ஓடிக்கொண்டிருந்தேன், சேட்டனுக்கு வெள்ளிக்கிழமை டியூட்டி மாற்றித் தரச்சொல்லி அவர் முதலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் திரைக்குப் பின்னால் நின்று கிளாரினெட்டின் துண்டுகளைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. ஒரு நாற்காலி இல்லை, நிற்காமல் இழுபடுகிறது. எட்டிப் பார்த்தேன். மண்டபம் நிறைந்து, சுவரோரமாக ஆட்கள் நிற்கிறார்கள், படியிலும் நிற்கிறார்கள். எல்லாரும் தொழிலாளர் கேம்ப்களில் இருந்து வந்த ஆண்கள். லீவு நாளுக்கென்று எடுத்து வைத்த நல்ல சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. சிலர் கையில் பிளாஸ்டிக் உறை. செயலாளர் தனக்கு உட்கார இடமில்லாமல் கதவோரம் நிற்கிறார்! ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தை என்னென்று சொல்ல. அங்கிளைப் பிடித்து உலுக்கினேன். "பாத்தீங்களா, பாத்தீங்களா!" அவருக்குத் தமிழ் தெரியாது என்பதே மறந்துபோனது.

மைக்கைப் பிடித்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்று தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். நாற்பதைத் தாண்டிய ஆள், அரியலூர்ப் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது.

"ஏங்கக்கா, அரேஞ்சர் எப்ப வருவாரு?"

எனக்குப் புல்லரித்தது. இவ்வளவு ஆசையா அவர் மேலே! "அவர் காலமாகிக் கனகாலம்" என்றேன்.

மண்டபம் முழுக்க ஒரே சலசலப்பு. "செத்துட்டாராம்டா!" "எப்ப?" "அப்ப விசா?" அரியலூர்க்காரர் எழுந்து நின்றார். கையில் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பாஸ்போர்ட்டின் நகல் தெரிந்தது.

"என் தம்பிய கூட்டியாரணும்னுட்டு பேப்பரெல்லாம் எடுத்தாந்திருக்கேங்க. என்ட்ரி ஃப்ரீன்னு போட்டிருந்துச்சே?"

நான் மெதுவாகத் தலையைத் திருப்பி, மண்டபத்தின் ஓரத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். அவர் போட்டிருந்தது இவ்வளவுதான்: "அரேஞ்சர். வெள்ளி பின்னேரம். சங்க மண்டபம், ரூவி. என்ட்ரி ஃப்ரீ."

இங்கே இருக்கிற யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வளைகுடாவில் தமிழன் வாயில் அரேஞ்சர் என்றால் ஒரே பொருள்தான்: விசா அரேஞ்ச் பண்ணித் தருகிறவர். என்ட்ரி என்றால் நாட்டுக்குள் வருகிற அனுமதி. ஃப்ரீ விசா என்றால் எந்த கஃபீலுக்கும், அதாவது விசாவுக்குப் பொறுப்பு நிற்கிற எந்த முதலாளிக்கும், கட்டுப்படாமல் எங்கேயும் வேலை பார்க்கலாம் என்று ஊரில் பேசிக்கொள்கிற கனவு. மூன்று சொல்லையும் சேர்த்துப் போட்டால் யார்தான் வரமாட்டார்கள்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"நீர்தானே சுருக்கச் சொன்னனீர்" என்றார் என் கணவர்.

அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மைக்குக்குத் திரும்பினேன். ஏற்கெனவே பின்வரிசைகள் எழும்பத் தொடங்கியிருந்தன. கதவோரம் நின்ற செயலாளருக்கு இப்போது உட்கார நாற்காலி கிடைத்துவிட்டது. அந்த அரியலூர்க்காரர் பாஸ்போர்ட் நகலைத் திரும்ப உறைக்குள் போடப் பார்க்கிறார், அது மடங்கி மடங்கி வெளியே வருகிறது. எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"கொஞ்சம் கேளுங்கோ" என்றேன். "விசா அரேஞ்சர் இல்லை. பாட்டு அரேஞ்சர். எழுதினதில பிழை நடந்துபோச்சு. பஸ் பிடிச்சு ஆசையோட வந்திருக்கிறியள், எனக்குக் கவலையா இருக்கு. போறவை போகலாம், நான் குறை நினைக்கமாட்டன். இருக்கிறவைக்குத் தேத்தண்ணி இருக்கு."

"ஏசி ஓடுதுல்ல, உக்காருடா. வெளிய கொதிக்குது" என்றது ஒரு குரல். கொஞ்சம் சிரிப்பு. பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் ஏசிக்காக இருந்தார்கள்.

"பாட்டுல அரேஞ்ச் பண்ண என்னங்க இருக்கு? பாடினா பாட்டு" என்று அரியலூர்க்காரர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு நீளமாக அறிவித்தல் எழுதினேன். அதில் எழுதின ஒரு சொல்லும் அப்போது வாயில் வரவில்லை. அவர் தோளில் கிடந்த துவாயைப் பார்த்தேன். வேறொன்றுதான் வந்தது.

"உங்கட ரூமில எத்தினை பேர்?"

"எட்டுப் பேருங்க."

"ஆர் மேல்கட்டில், ஆர் கீழ்க்கட்டில், ஆர் ஏசிக்குப் பக்கத்தில எண்டு ஆர் தீர்மானிக்கிறது?"

"எங்க ஃபோர்மேன் அண்ணன்தான். அவரு சொல்றதுதான் சட்டம்."

"அவர்தான் அரேஞ்சர். ஆள் அதே ஆள், கட்டில் அதே கட்டில். எங்க போடுறார் எண்டதிலதான் ரூம் ரூமா இருக்கிறதும் நரகமா இருக்கிறதும்."

"அது சரிதாங்க" என்று யாரோ பெருமூச்சு விட்டார். அந்த ரூமில் ஏதோ கதை இருந்திருக்கவேண்டும்.

"குறட்டை விடுறவரை எங்க போடுவியள்?"

"கதவுகிட்ட!" என்று பல குரல்கள். "வராந்தாவுல!" என்றார் ஒருவர். எல்லாரும் அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தடித்த ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"இந்த மனுசன் என்ன செய்தவர் தெரியுமோ? குறட்டை விடுறவரை நட்ட நடுவில போட்டவர். மற்ற ஏழு பேரையும் அவற்ற குறட்டைக்கு ஏத்த மாதிரிப் படுக்கச் சொன்னவர். ஆரும் செய்யாத வேலை. அவர் பேரை ஒருத்தரும் சொல்லயில்லை. இப்ப கேட்டுப் பாருங்கோ." சேட்டனைக் கையால் காட்டினேன். "இவர்தான் குறட்டை."

சேட்டன் டியூபாவைத் தூக்கி மடியில் வைத்து, தனியாக, மெட்டின் முதல் வரியை ஊதினார்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, இன்னான் என்று அடையாளம் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. "டேய், ஒன்னைய மாதிரியே இருக்குடா!" என்று அந்தத் தடித்த ஆளின் முதுகில் தட்டினார்கள். அதற்குள் நாங்கள் நால்வரும் உள்ளே வந்துவிட்டோம். நான் டியூபாவைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ட்ரம்பெட் பெண் எதிர்ப்பக்கத்தில் இருந்து திட்டுவது போல வந்தாள். அங்கிள் சமாதானம் பேசினார். சுருதி தாவினபோது முன்வரிசையில் ஒருவர் "அய்யோ" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் தடுக்கி விழப்போனவனைப் பிடிப்பது போலக் கையையும் நீட்டினார். அந்த அரேஞ்சர் அந்த இடத்தில் எதிர்பார்த்தது அந்த "அய்யோ"வைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எங்களைவிட அவர்களுக்கு அது சரியாக விளங்கியது என்று சொல்ல வரவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது, அவ்வளவுதான்.

ஓட்டை வந்தது. ஏறி ஏறி உச்சிக்குப் போய், சடாரென்று நின்றோம். ஏசியின் இரைச்சல் மட்டும். அங்கிள் என்னைப் பார்த்தார். முடிந்துவிட்டது என்று சனம் நினைக்கும் என்று அவர் சொன்னாரே, அந்தப் பார்வை.

அந்த அமைதிக்குள்ளே பின்வரிசையில் இருந்து, சைட்டில் வேலை முடிந்ததும் கத்துகிற அதே குரலில் ஒருவர் கத்தினார்.

"கலாஸ்!"

வளைகுடாவில் எங்களுக்கெல்லாம் முடிந்தது என்பதற்கு அந்த ஒரு சொல்தான். சொல்லி அவர் வாயை மூடவில்லை, நாங்கள் ஐந்து பேரும் வேறு சுருதியில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தோம். "இல்லடா, முடியல!" என்று பாட்டே அவருக்குப் பதில் சொன்னது போல இருந்தது. மண்டபத்தில் எழுந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை, விசில், சிரிப்பு, நாற்காலியில் தட்டுகிற தாளம். எனக்குச் சிரிப்பு வந்து ரீட் வாயில் நிற்கவில்லை. சிரிப்போடு சிரிப்பாக அப்போதுதான் விளங்கியது, அந்த ஓட்டை ஏன் என்று. அது சனத்துக்கு விட்ட இடம். நடன மண்டபத்தில் யாராவது கத்துவான் என்று தெரிந்து, அவனுக்கென்று ஒரு கட்டிலைக் காலியாக வைத்திருக்கிறார். இசைத்தட்டுப் பதிவு செய்த அறையில் கத்த ஆள் இல்லை, அதனால் அங்கே அது வெறும் ஓட்டையாகவே கேட்டது.

பாட்டு முடிந்தபோது, உண்மையாகவே முடிந்தபோது, ஒருவரும் நம்பவில்லை. இன்னும் வருமோ என்று காத்திருந்தார்கள். நான் கிளாரினெட்டை இறக்கிக் கும்பிட்ட பிறகுதான் கைதட்டல் வந்தது. வந்தது நிற்கவில்லை. "இன்னொரு வாட்டி! அதையே!" என்றார்கள். வாசலில் தலைகள் தெரிந்தன. போன பாதிப் பேரில் பலர், கீழே தேத்தண்ணீர்க் கடையில் நின்றவர்கள், சத்தம் கேட்டு மேலே ஏறி வந்திருந்தார்கள். செயலாளருக்கு மறுபடியும் நாற்காலி போய்விட்டது. அவர் கதவோரம் நின்று, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை வாசித்தோம். ஓட்டைக்குக் கிட்ட வரவர மண்டபமே முன்னால் சாய்ந்தது. நின்றோம். கூரை பறக்கும்படி எல்லாருமாக "கலாஸ்!" என்றார்கள். என் கணவரின் குரல் அதில் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. நாங்கள் உள்ளே விழுந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு சுருதிக்குள்ளும் விழுந்ததில்லை.

முடிந்ததும் அங்கிள் சாக்ஸபோனைக் கழற்றாமல் என் பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "மேடம், கபி மத் காட்னா" என்றார். ஒருபோதும் வெட்டாதே என்று. செயலாளர் வந்து, "டான்ஸ் கிளாஸுக்கு நான் வேற இடம் பாத்துக்கறேன் மேடம். அடுத்த தடவை எப்பன்னு மட்டும் சொல்லிடுங்க, நாற்காலி வாடகைக்கு எடுக்கணும்" என்றார். அறை எங்களுடையது. சேட்டன் யாரையோ கட்டிப்பிடித்து நின்றார். பார்த்தால் அந்தத் தடித்த ஆள். குறட்டையும் குறட்டையும் சேர்ந்துவிட்டது.

அரியலூர்க்காரர் மேடைக்குக் கிட்ட வந்தார். உறை கையில் அப்படியே இருந்தது. அவருடைய தம்பிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது, பாட்டு விசா தராது.

"அவரு பேரு என்னங்கக்கா?"

சொன்னேன். மைக்கில், தெளிவாக, முழுப் பெயரையும் சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு விதமாக அது பல்லில் சிக்கியது.

"வாயில நொழையலக்கா. நாங்க அரேஞ்சர் அண்ணன்னே வச்சுக்குறோம்" என்றார்.

வேறு நாளாக இருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அன்றைக்கு நானும் ஒரு தடவை அப்படியே சொல்லிப் பார்த்தேன். யாரும் மதித்து எழுதாத அந்த வேலையின் பெயரே அவருக்குப் பட்டமாக வந்து சேர்ந்தது, அதுவும் ஒரு அண்ணனோடு.

கேம்ப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர்கள் படியிறங்கினார்கள். நான் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து ஒருவர், ஊரில் தேர்தல் ஊர்வலத்தில் கோஷம் எடுத்துக் கொடுப்பது போல, குரல் கொடுத்தார்.

"அரேஞ்சர் அண்ணனுக்கு..."

மற்றவர்கள், அரபிச் சொற்களைத் தமிழ் வரிசையில் போட்டு இங்கே நாங்கள் பேசுகிற பாஷையில், முடிவே இல்லை என்று திருப்பிக் கத்தினார்கள்.

"கலாஸ் மாஃபி!"

பஸ் ஏறும்வரைக்கும் கேட்டது. பெயரைக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அரேஞ்சர் அண்ணன், அதுதான் அவர் பெயர்.